கார் சாவி ‘டெட்’ ஆகிடுச்சா? பதற வேண்டாம்... ஆனால் பழைய பேட்டரியை மேஜை மேல் விட்டுடாதீங்க!

சர்வீஸ் தேதி, இன்ஷூரன்ஸ் தேதி, பொல்யூஷன் சர்டிஃபிகேட் தேதி என்று கார் வைத்திருப்பவர்களின் போனில் எல்லாவற்றுக்கும் ரிமைண்டர் இருக்கும். காரைத் திறக்கவே தேவைப்படும் ரிமோட் சாவியின் பேட்டரிக்கு மட்டும் யாரும் ரிமைண்டர் வைப்பதில்லை. அது தீர்ந்துபோகும் நேரமும் நம் வசதியைப் பார்த்து வருவதில்லை.

பட்டாபிராமையே எடுத்துக்கொள்ளுங்கள். 330 கோடி ரூபாயில் கட்டப்பட்ட 21 மாடி டைடல் பார்க், 2024 நவம்பர் 22 அன்று இங்கே திறக்கப்பட்டது. ஐ.டி. வேலை என்றாலே தரமணி, ஓ.எம்.ஆர். என்றிருந்த பேச்சு மாறி, சி.டி.எச். ரோடு பக்கமும் திரும்பியிருக்கிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து பார்க்கிங்குக்கு வந்து பட்டனை அமுக்கினால் ‘டிக்’ சத்தமும் இல்லை, இண்டிகேட்டரும் மின்னவில்லை என்றால்? மணி ஒன்று. சாவிக் கடை, மெக்கானிக் கடை எல்லாம் ஷட்டர் இறக்கியாச்சு. “சாவி டெட் ஆகிடுச்சு, வண்டியை எடுக்க முடியாது” என்று வீட்டுக்கு போன் போட்டுவிட்டு, டோயிங் வண்டி நம்பரைத் தேடத்தான் தோன்றும்.

தேவையே இல்லை. அந்த ‘டெட்’ என்ற வார்த்தை இரண்டு முறை ஏமாற்றுகிறது. பேட்டரி தீர்ந்த சாவி, செத்த சாவி அல்ல. அதை வைத்தே கதவைத் திறந்து, காரை ஸ்டார்ட் செய்து வீட்டுக்குப் போய்விடலாம். அதேபோல, சாவியிலிருந்து கழற்றிய ‘செத்த’ பேட்டரியும் உண்மையில் சாகவில்லை. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் அது உயிருக்கே ஆபத்து. இந்த இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சாவி வேலை செய்யலை... இப்போதே என்ன செய்வது?

முதல் வேலை, கதவைத் திறப்பது. பட்டன் ஸ்டார்ட் கார்களின் ஸ்மார்ட் கீயைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு லாக் அல்லது பட்டன் இருக்கும். அதைத் தள்ளிப் பிடித்து இழுத்தால் உள்ளேயிருந்து மெல்லிய இரும்புச் சாவி வெளியே வரும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடியில் அதற்கான துளை இருக்கும். சில மாடல்களில் இந்தத் துளை வெளியே தெரியாது. கைப்பிடி ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடிக்குள் ஒளிந்திருக்கும். மூடியைக் கழற்றி, பழைய கார் போலச் சாவி போட்டுத் திறக்க வேண்டியதுதான்.

இப்படித் திறக்கும்போது சில கார்கள் அலாரம் அடிக்கும். திருடன் என்று நினைத்துவிட்டதோ எனப் பதற வேண்டாம். பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அலாரம் தானாக நின்றுவிடும்.

இரண்டாவது வேலை, ஸ்டார்ட் செய்வது. பிரேக்கை மிதித்துக்கொண்டு (மேனுவல் கியர் என்றால் கிளட்சையும் சேர்த்து), சாவியை ஸ்டார்ட் பட்டன் மீதே ஒட்டி வையுங்கள். ஹூண்டாய் கார்கள் பலவற்றில் சாவியின் முனையாலேயே ஸ்டார்ட் பட்டனை அழுத்த வேண்டும். டொயோட்டாவில் சாவியில் லோகோ உள்ள பக்கத்தைப் பட்டனில் தொட்டுவிட்டு, பிறகு பட்டனை அழுத்த வேண்டும். வேறு சில மாடல்களில் சாவியை வைக்க ஸ்டீயரிங் அருகிலோ, நடுவில் உள்ள பெட்டியிலோ தனி இடம் உண்டு. உங்கள் காரில் எங்கே என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும். அந்தப் பக்கத்தை இன்றைக்கே போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொண்டால், நள்ளிரவில் தேட வேண்டியிருக்காது.

ஸ்டார்ட் பட்டன் இல்லாமல், சாவியை நுழைத்துத் திருப்பும் கார் என்றால் இன்னும் சுலபம். ரிமோட் பட்டன்தான் வேலை செய்யாது. கதவிலும் இக்னிஷனிலும் சாவி வழக்கம்போல வேலை செய்யும்.

பேட்டரியே இல்லாமல் கார் எப்படி ஸ்டார்ட் ஆகிறது?

இன்றைய ரிமோட் சாவி, உண்மையில் ஒரே டப்பாவுக்குள் இருக்கும் மூன்று சாவிகள். முதலாவது, அந்த இரும்புச் சாவி. இரண்டாவது, பட்டனை அமுக்கினால் ரேடியோ அலையில் காருக்குச் செய்தி அனுப்பும் ரிமோட்; இந்தியாவில் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகிறது. மூன்றாவது, இம்மொபிலைசர் சிப். இந்த மூன்றில் பேட்டரி தேவைப்படுவது ரிமோட்டுக்கு மட்டும்தான்.

மெட்ரோ கார்டை ஸ்டேஷன் கேட்டில் காட்டும்போது கதவு திறக்கிறதே, அந்தக் கார்டுக்குள் பேட்டரியா இருக்கிறது? கேட்டில் உள்ள கருவி உருவாக்கும் காந்தப்புலத்திலிருந்து, கார்டுக்குள் இருக்கும் சிப் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. சாவிக்குள் இருக்கும் சிப்பும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. ஸ்டார்ட் பட்டனையோ இக்னிஷன் துளையையோ சுற்றி ஒரு காயில் இருக்கும். சாவியை ஒட்டி வைத்தால் சிப் விழித்துக்கொண்டு தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் சரி என்றால் இன்ஜின் ஓடும். தூரம் சில சென்டிமீட்டர் மட்டுமே என்பதால்தான் ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

ரிமோட் பூட்டு ஒன்றும் புதிய சங்கதி இல்லை. 1982-லேயே ரெனோ நிறுவனம் தன் ஃபுவேகோ காரில் இதைக் கொண்டுவந்தது. டிவி ரிமோட் போல அகச்சிவப்புக் கதிரில் இயங்கியது அது. திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் பிறகுதான் பரவலானது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. பேட்டரி தீர்ந்த ஒரே காரணத்துக்காகச் சொந்தக்காரரே வெளியே நிற்கக் கூடாது என்பதால்தான் சிப்பைப் பேட்டரி இல்லாமல் இயங்கும்படி வைத்திருக்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தால் கார் நின்றுவிடுமா?

நிற்காது. நெமிலிச்சேரியில் ஏறி வெளிவட்டச் சாலையில் வண்டலூர் நோக்கிப் போகும்போது சாவி பேட்டரி முழுவதுமாகத் தீர்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டேஷ்போர்டில் “சாவி இல்லை” என்று எச்சரிக்கை வரலாம், பீப் சத்தம் வரலாம். இன்ஜின் மட்டும் அணையாது. ஓடும் வண்டி நடுரோட்டில் திடீரென நிற்பது விபத்துக்கு வழி என்பதால் அப்படி வடிவமைப்பதில்லை. வழியில் பெட்ரோல் பங்க்கில் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் சிக்கல். அப்போது, சாவியைப் பட்டனில் ஒட்டி வைக்கும் வழி கைகொடுக்கும்.

பிரச்சினை நிஜமாகவே சாவி பேட்டரிதானா?

சாவி பேட்டரியை மாற்றிவிட்டு, “அப்பவும் திறக்கலையே” என்று நிற்பவர்கள் உண்டு. கடைக்கு ஓடும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, ஸ்பேர் சாவி. அதை அமுக்கியதும் கார் திறந்தால், கோளாறு முதல் சாவியில்தான். இரண்டு சாவியும் வேலை செய்யவில்லை என்றால் காரின் பக்கம் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, காரின் 12 வோல்ட் பேட்டரி. பானெட்டுக்குள் இருக்கும் பெரிய பேட்டரி இறங்கிவிட்டால், சாவி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் சிக்னலைக் கேட்க காரில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். இரும்புச் சாவியால் திறந்ததும் உள்விளக்கு எரியவில்லை, ஹார்ன் அடிக்கவில்லை என்றால் இதுதான் காரணம். சாவியைப் பட்டனில் ஒட்டி வைத்தும் பயன் இருக்காது. ஜம்ப் ஸ்டார்ட்தான் வழி.

மூன்று, ரேடியோ இடையூறு. 2019-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்தில் உள்ள நார்த் ஓம்ஸ்டெட் என்ற ஊரில், ஒரு குடியிருப்புப் பகுதியில் மட்டும் கார் சாவிகளும் கராஜ் கதவு ரிமோட்களும் வாரக்கணக்கில் வேலை செய்யவில்லை. கடைசியில் தேடிப் பார்த்தால், எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வம் கொண்ட ஒருவர் தன் வீட்டில் செய்து வைத்திருந்த ஒரு சின்னக் கருவி இடைவிடாமல் சிக்னல் அனுப்பிக்கொண்டிருந்தது. அது அங்கே சாவிகள் பயன்படுத்தும் அலைவரிசையோடு மோதியிருக்கிறது. ஆகவே, ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சாவி அடம் பிடித்தால், வேறு இடத்தில் ஒரு முறை சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முன்கூட்டியே தெரியுமா?

தெரியும். சாவி பேட்டரி பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறது, கவனிப்பதில்லை, அவ்வளவுதான். முன்பு மாடியிலிருந்தே திறந்த கார், இப்போது பக்கத்தில் வந்தால்தான் திறக்கிறது. ஒரு முறைக்கு இரண்டு, மூன்று முறை அமுக்க வேண்டியிருக்கிறது. சாவியில் உள்ள சின்ன எல்.இ.டி. மங்கலாக எரிகிறது. டேஷ்போர்டில் சாவி பேட்டரி குறைவு என்ற எச்சரிக்கை வந்து போகிறது. இதில் எது நடந்தாலும் அந்த வாரமே மாற்றிவிடுவது நல்லது.

தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த வகை லித்தியம் பேட்டரி, தன் ஆயுளின் பெரும்பகுதி முழுக்க ஏறக்குறைய 3 வோல்ட்டிலேயே சீராக இருக்கும். கடைசிக் கட்டத்தில் கடகடவென இறங்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது” என்று பலரும் சொல்வது இதனால்தான்.

பார்க்கிங்கில் கொஞ்சம் தூரம் போதாமல் திணறினால் ஒரு தற்காலிக வழி: சாவியைத் தாடைக்கு அடியில் ஒட்டி வைத்து அமுக்குங்கள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். தண்ணீர் நிறைந்த நம் தலையும் உடம்பும் சிக்னலைப் பரப்ப உதவுவதால் கூடுதலாகக் கொஞ்சம் தூரம் கிடைக்கும். முழுவதுமாகத் தீர்ந்த பேட்டரிக்கு இது உதவாது.

எந்த பேட்டரி வாங்குவது?

பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர்2032. சில மாடல்களில் சிஆர்2025, சிஆர்1632, சிஆர்1620, சிஆர்1616 இருக்கும். பார்க்கப் புரியாத நம்பர் போல இருந்தாலும் உள்ளே எளிமையான கணக்குதான். முதல் எழுத்து, உள்ளே இருக்கும் லித்தியம் - மாங்கனீஸ் டைஆக்சைடு வேதியியலைக் குறிக்கிறது. அடுத்த எழுத்து, வட்ட வடிவம். முதல் இரண்டு இலக்கம் விட்டம், கடைசி இரண்டு இலக்கம் தடிமன். ஆக, 2032 என்றால் 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன். 2025 என்றால் அதே அகலம், 2.5 மி.மீ. தடிமன்.

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். “ரெண்டும் மூணு வோல்ட்தானே, ஒரே சைஸ்தானே” என்று 2032 இருக்க வேண்டிய இடத்தில் 2025-ஐ வைத்தால், தடிமன் குறைவதால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. வண்டி குலுங்கினால் விட்டுவிட்டு வேலை செய்யும். 2016 இரண்டை அடுக்கினால் 2032-ன் தடிமன் வந்துவிடும், ஆனால் மின்னழுத்தம் 6 வோல்ட் ஆகிவிடும். சாவியின் சர்க்யூட்டே போகலாம். ரீசார்ஜ் செய்யக்கூடிய எல்ஐஆர்2032-ம் வேண்டாம். முழுதாக சார்ஜ் ஆனால் அது 4.2 வோல்ட். கடைக்காரர் டிஎல்2032 கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். அது ஒரு நிறுவனம் அதே பேட்டரிக்கு வைத்திருக்கும் பெயர்.

வாட்ச் கடை, மொபைல் கடை, எலெக்ட்ரிக்கல் கடை எதிலும் இது கிடைக்கும். டப்பாவில் உதிரியாகக் கிடப்பதை வாங்காமல், அட்டையில் சீல் செய்து, தயாரிப்பு தேதியோ காலாவதித் தேதியோ அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். புதிய ஸ்மார்ட் கீ வாங்கி காரோடு இணைக்க ஆயிரக்கணக்கில் செலவாகும். அதன் முன் இந்த பேட்டரியின் விலை ஒரு டிபன் செலவுதான். இதில் மிச்சம் பிடிப்பது அர்த்தமில்லாத வேலை.

மாற்றுவது எப்படி?

ஐந்து நிமிட வேலை. மேஜை மீது வெள்ளைத் துணியோ பேப்பரோ விரித்துக்கொள்ளுங்கள். சின்னப் பாகம் ஏதும் விழுந்தால் கண்ணில் படும்.

1. இரும்புச் சாவியை முதலில் வெளியே எடுங்கள். அது இருந்த இடத்தில்தான் பெரும்பாலும் மூடியைத் திறக்கும் பள்ளம் இருக்கும். சில சாவிகளில் சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை முதலில் கழற்ற வேண்டும்.

2. அந்தப் பள்ளத்தில் தட்டை ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து மெல்லத் திருப்புங்கள். நுனியில் ஒரு சுற்று டேப் ஒட்டிக்கொண்டால் பிளாஸ்டிக்கில் கீறல் விழாது. நெம்பித் தள்ளாமல் திருப்பினாலே ‘டக்’ என்று பிரியும்.

3. உள்ளே கை வைக்கும் முன், கதவின் இரும்புக் கைப்பிடி போன்ற உலோகம் எதையாவது ஒரு முறை தொடுங்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். பச்சை நிற சர்க்யூட் போர்டை விரலால் தொட வேண்டாம்.

4. பழைய பேட்டரி எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். அதன் மேல் அச்சிட்ட நம்பரும் அதே போட்டோவில் கிடைத்துவிடும்.

5. பழைய பேட்டரியை பிளாஸ்டிக் குச்சியாலோ, மரத்தாலான டூத்பிக்காலோ தூக்கி எடுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவரால் குத்தித் தூக்கினால், பேட்டரியைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடு வளைந்துவிடும். பிறகு எத்தனை பேட்டரி மாற்றினாலும் தொடர்பு கிடைக்காது.

6. புதியதை ஓரத்தில் மட்டும் பிடித்து, ‘+’ குறி பழையது இருந்த அதே பக்கம் பார்க்க வையுங்கள். விரல் பிசுக்கு பட்டுவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

7. ரப்பர் வளையம் இருந்தால் அது அதன் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியை அழுத்துங்கள். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த பேண்ட் பாக்கெட்டிலிருந்து சாவியைக் காப்பாற்றுவது அந்த வளையம்தான்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய மாடல் ரிமோட் சாவிகள் சிலவற்றில் இம்மொபிலைசர் சிப் சர்க்யூட் போர்டோடு சேர்ந்திருக்காது. கறுப்பு நிறத்தில், அரிசியை விடக் கொஞ்சம் பெரிய துண்டாக, சாவி உறைக்குள் தனியாகச் செருகப்பட்டிருக்கும். உறையைத் திறக்கும்போது இது கீழே விழுந்து தொலைந்தால், ரிமோட் கதவைத் திறக்கும், ஆனால் கார் ஸ்டார்ட் ஆகாது. பேட்டரி மாற்றும் வேலையில் பெரிய செலவு வைக்கக்கூடிய இடம் இது ஒன்றுதான். கடையில் மாற்றினாலும் உங்கள் கண் முன்னே மாற்றச் சொல்லுங்கள்.

மாற்றியும் வேலை செய்யலையா?

முதலில் பேட்டரி தலைகீழாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, பேட்டரி மீது மெல்லிய ஸ்டிக்கர் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தைகள் வாயில் வைத்தால் துப்பிவிட வேண்டும் என்பதற்காகச் சில பேட்டரிகளில் கசப்புப் பூச்சு தடவியிருப்பார்கள். சில கருவிகளில் அந்தப் பூச்சு, தகடு தொடும் இடத்தில் வந்து தொடர்பைத் தடுப்பதும் உண்டு.

“பேட்டரியைக் கழற்றினால் சாவியின் மெமரி அழிந்துவிடும், ஷோரூமில் போய் புரோகிராம் செய்யணும்” என்று ஒரு பயம் உலவுகிறது. சாவியின் ரகசிய எண், மின்சாரம் இல்லாவிட்டாலும் அழியாத மெமரியில் இருக்கிறது. ஒரு சில மாடல்களில் மட்டும் ரிமோட்டை மறுபடி இணைக்க ஓரிரு நிமிட வேலை இருக்கலாம்; அதற்கான வழி மேனுவலிலேயே இருக்கும்.

ஏன் சீக்கிரம் தீருது?

ஸ்மார்ட் கீ, பட்டனை அமுக்காதபோதும் சும்மா இருப்பதில்லை. கார் கூப்பிடுகிறதா என்று எந்நேரமும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சாவி பேட்டரியின் ஆயுள் 1 முதல் 2 ஆண்டு என்று டொயோட்டாவின் மேனுவல்கள் சொல்கின்றன. டிவி, கம்ப்யூட்டர், சார்ஜ் ஆகும் செல்போன், இண்டக்‌ஷன் அடுப்பு ஆகியவற்றிலிருந்து சாவியை ஒரு மீட்டராவது தள்ளி வைக்கச் சொல்வதும் அதே மேனுவல்கள்தான். அவற்றிலிருந்து வரும் அலைகளைக் கார்தான் கூப்பிடுகிறது என்று நினைத்துச் சாவி திரும்பத் திரும்ப விழித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் போனை சார்ஜில் போட்டு, பக்கத்திலேயே கார் சாவியை வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொரு எதிரி வெயில். இந்த பேட்டரிகள் பொதுவாக 60 டிகிரி செல்சியஸ் வரைக்குமான வெப்பத்துக்குத்தான் தயாரிக்கப்படுகின்றன. கத்திரி வெயிலில் மூடிக் கிடக்கும் காரின் டேஷ்போர்டு அந்த அளவைத் தாண்டிவிடும். ஸ்பேர் சாவியையோ ஸ்பேர் பேட்டரியையோ காரிலேயே வைத்திருப்பது நல்லதல்ல.

பழைய பேட்டரி: இனிதான் கவனம் தேவை

புது பேட்டரி போட்டாச்சு, கார் திறந்தாச்சு. பழையது? மேஜை ஓரத்தில், டிவி ஸ்டாண்டில், சட்டைப் பாக்கெட்டில். இதுதான் உண்மையான ஆபத்து தொடங்கும் இடம்.

20 மி.மீ. அகலம் என்பது சின்னக் குழந்தையின் உணவுக்குழாயில் சரியாகச் சிக்கிக்கொள்ளும் அளவு. சிக்கியதும், சுற்றியிருக்கும் ஈரத்தின் வழியே மின்சாரம் பாயும். பேட்டரியின் எதிர்முனைப் பக்கத்தில் காஸ்டிக் சோடா போன்ற காரம் உருவாகி, திசுவை அரித்துப் புண்ணாக்கும். இரண்டே மணி நேரத்தில் கடுமையான காயம் ஏற்படலாம். பேட்டரி கசிய வேண்டும் என்பதே இல்லை. உடைய வேண்டும் என்பதும் இல்லை.

“தீர்ந்துபோன பேட்டரிதானே” என்பது இங்கே எடுபடாது. சாவிக்குப் போதாமல் போன பேட்டரியிலும் 2 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் இருக்கும். திசுவைப் புண்ணாக்க 1.2 வோல்ட் அளவே போதும். காருக்குச் செத்த பேட்டரி, குழந்தைக்குச் சாகவில்லை.

அமெரிக்காவில் 2020 டிசம்பரில், ரிமோட்டில் இருந்த பட்டன் பேட்டரியை விழுங்கிய ரீஸ் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் தாய் நடத்திய போராட்டத்தின் பலனாக, 2022 ஆகஸ்டில் ‘ரீஸ் சட்டம்’ கையெழுத்தானது. குழந்தையால் சுலபமாகத் திறக்க முடியாதபடி பேட்டரி அறை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆஸ்திரேலியாவில் அதே ஆண்டு ஜூன் 22 முதல் இதே நோக்கத்தோடு கட்டாய விதிகள் வந்தன.

நம் வீடுகளில் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்த முதலில் கையில் கொடுப்பது எது? போன், இல்லையென்றால் கார் சாவி. நகத்தாலேயே திறந்துவிடக்கூடிய மூடியுள்ள சாவிகள் பல உண்டு. கீழே விழுந்து விரிசல் விட்ட சாவி என்றால் இன்னும் மோசம். கார் சாவி விளையாட்டுப் பொருள் அல்ல என்று தாத்தா, பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.

குழந்தை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால்?

உறுதியாகத் தெரியும் வரை காத்திருக்க வேண்டாம். விழுங்கிய குழந்தை முதலில் சாதாரணமாகவே விளையாடிக்கொண்டிருக்கலாம். எச்சில் வடிவது, சாப்பிட மறுப்பது, இருமல் போன்றவை பிறகுதான் வரும். “மோஷன்ல வந்துடும்” என்று வாழைப்பழம் கொடுத்து உட்காருவது மிகப் பெரிய தவறு.

108-ஐ அழையுங்கள், அல்லது எக்ஸ்-ரே வசதி உள்ள அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே கிளம்புங்கள். “பட்டன் பேட்டரியாக இருக்கலாம்” என்ற வார்த்தையை வாசலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்-ரேயில் நாணயம் போலத் தெரியும் வட்டத்தின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரிந்தால் அது பேட்டரி என்று மருத்துவர்கள் கண்டுபிடிப்பார்கள். உணவுக்குழாயில் சிக்கியிருந்தால் எண்டோஸ்கோப்பி மூலம் அவசரமாக எடுக்க வேண்டும். பேக்கிங் அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சாப்பாடு, பால், தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒரே விதிவிலக்கு தேன். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்து, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் இருந்து, விழுங்குவதில் சிரமமும் இல்லை என்றால், மருத்துவமனைக்குப் போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன், அதிகபட்சம் 6 முறை கொடுக்கலாம் என்று அமெரிக்காவின் விஷமுறிவு ஆலோசனை மையத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. தேன் காரத்தின் வேகத்தைக் குறைக்கும், பேட்டரியை எடுக்காது. தேன் வாங்கக் கடையில் நின்று நேரத்தை இழக்கக் கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது.

மூக்கிலோ காதிலோ பேட்டரியைப் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். சொட்டு மருந்து எதுவும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குப்பையில் போடலாமா?

பழையதைக் கழற்றிய உடனே, இரு பக்கமும் மூடும்படி செலோ டேப்பால் சுற்றுங்கள். மற்ற பேட்டரியோடோ உலோகத்தோடோ உரசி ஷார்ட் ஆகாமல் இருக்க இது உதவும். பிறகு குழந்தையின் கைக்கு எட்டாத, இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

மத்திய அரசு 2022 ஆகஸ்டில் கொண்டுவந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்திய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்கக் கூடாது. சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ சேர்க்க வேண்டியது நுகர்வோரின் பொறுப்பு. பேட்டரி அட்டையில் குப்பைத் தொட்டி மீது பெருக்கல் குறி போட்ட படம் இருப்பதற்கு அர்த்தம் இதுதான். 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே பழைய பேட்டரியை ‘வீட்டு அபாயக் கழிவு’ பட்டியலில் சேர்த்துவிட்டன. பட்டாபிராம் ஆவடி மாநகராட்சிக்குள் வருகிறது. வீட்டுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் மக்கும் குப்பை, மக்காத குப்பையோடு கலக்காமல், தனியாக “இது பேட்டரி” என்று சொல்லிக் கொடுங்கள். அலுவலகத்தில் இ-வேஸ்ட் பெட்டி இருந்தால், பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு அதிலும் போடலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

காரின் பக்கத்தில் நின்று, இரும்புச் சாவியை ஒரு முறை வெளியே எடுத்துக் கதவைத் திறந்து பாருங்கள். வருடக்கணக்கில் பயன்படுத்தாத துளையில் தூசி அடைத்துச் சாவி திரும்பாமல் போவது உண்டு. அது இப்போதே தெரிந்தால் நல்லது. சாவியை எங்கே ஒட்டி வைத்தால் ஸ்டார்ட் ஆகும் என்று மேனுவலில் பாருங்கள். சாவி பேட்டரியின் நம்பரையும் மாற்றிய தேதியையும் போனில் குறித்து, ஒன்றரை ஆண்டு கழித்து ஒரு ரிமைண்டர் வையுங்கள்.

அந்தக் காரை வீட்டில் இன்னொருவரும் ஓட்டுகிறார் என்றால், அவரையும் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். அடுத்த முறை நள்ளிரவில் பார்க்கிங்கில் நிற்பது அவராகவும் இருக்கலாம்.